அட்டன் மெதடிஸ்த கல்லூரியும் மலைநாட்டுக் கல்வியும்

இலங்கை மலைநாட்டிற் கல்விக் கூடங்கள் தோன்றிய வரலாற்றை ஆராய்வார், கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையேயுள்ள வேற்றுமையை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும். கோப்பிப் பயிர் அறுவடைக் காலத்திலேயே மிகுந்த ஆட்களை வேண்டிற்று. தென்னிந்தியத் தமிழர் பலர் பருவத்தில் வந்து, பழம் பறித்துக் கூலி பெற்று, மீண்டும் தத்தம் ஊர்க்கு ஏகினர். இங்ஙனம் வருவதும் போவதுமாய் இருந்த மக்களிடையே பாடசாலை நிலைபெறுதல் அரிதாயிற்று. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. 1867 ஆம் ஆண்டில் யேம்சு தெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை, 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் மலைகளை மூடிற்று. அதனோடு குடும்பங்களும் லயங்களில் நிலைத்தன. பிள்ளைகளும் அங்கேயே பிறந்து வளர்ந்தனர்.

கோப்பிக் காலத்திலேயே கிறித்தவ மிஷனார் தோட்டங்களை நாடி வந்தமை உண்மையே. 1854 இல் தோட்டத் துரைமார் சிலருடைய வேண்டுகோளாலும் பொருளுதவியாலும் தமிழ்க் கூலி மிஷன் எனும் அமைப்புத் தொடங்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலே பணிபுரிந்த குரு செத்திமசு ஒப்சு அதனை நடத்த அழைக்கப்பட்டார். உபதேசியார் தோட்டந்தோறும் நடந்து சென்று போதித்தனர். இடையிடையே எழுத்தும் கற்பித்தனர். துரைமார் பணம் உதவியது அருள் நோக்கினால் மட்டுமென்று கொள்ளுதல் பேதைமை. ஒழுங்குடைய தொழிலாளர் நிலையாக நிற்பதை அவர் விரும்பினர் என்பதும் வெளிப்படை. ஆயினும் எந்நோக்கால் ஏற்றப்பட்டதாயினும் விளக்கு விளக்கேயன்றோ?

அக்காலத்தில் எழுத்தறியாமை எத்தகைய இடரை விளைத்தது என்பதற்குத் 'துண்டு' முறையே தக்க சான்று. கங்காணியும் அவன்கீழ் உள்ள ஆட்களும் பட்ட கடனைத் துரை ஒரு துண்டிற் குறித்துக் கொடுப்பார். வேறு தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவ்வாட்கள் பெயர்தல் இயலாது. தன் வாழ்வையே பிணித்த அக்கடதாசியில் எழுதியிருப்பது யாதென வாசிக்கவல்லவர் தொழிலாளருள் மிகச் சிலரே. கடன் ஏறிற்றா இறங்கிற்றா என்பதைக் கங்காணி சொன்னவாறே நம்ப வேண்டியதாயிற்று. 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது.

1884 இற் புகையிரதம் அட்டனை அடைந்தது. சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அது நடுநகரமாயிற்று. அங்கே 1892 ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிஷனார் நிறுவிய பாடசாலையே பின்னர் ஹைலண்ட்ஸ் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆங்கிலம் கற்றார்க்குக் கணக்கப்பிள்ளை, கிளாக்கர், தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர் எனப் பல பதவிகள் காத்திருந்தன. ஆகவே பெரிய கங்காணிமாரும் உத்தியோகத்தரும் நகர வணிகரும் தம் மைந்தரை இத்தகைய பாடசாலைகளுக்கு அனுப்பினர். அவருட் பெரும்பாலோர் இந்துக்கள். கல்வியைப் பெற்றுச் சமயத்தைத் தம்மதாகவே வைத்துக்கொண்டனர். மிஷனாரும் அதனை அறிந்தே கற்பித்தனர்.

கொழுந்து பறிப்பவளின் மகனுக்கோ இவ்வாயில் நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. 1907 இன் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகட்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திற்று. பல தோட்டங்களில் அக்கடமை ஓர் ஆசிரியரோடும் ஒரே அறையோடும் நிறைவெய்தியது. வெவ்வேறு வகுப்பினர் ஒன்றாய் அமர்ந்து உரக்கப் படிப்பர். பத்து வயதாகியதும் பிள்ளை பெரட்டுக்குப் போய்விடும். வயதை வரையறுத்த சட்டம், அதற்குமேற் கல்வி எதற்கு என்று கேட்பார்க்கு நல்லதொரு விடையை அளித்துவிட்டது. 1945 இல் இலவசக் கல்வி வந்த பின்னரும், தோட்டப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பிற்கும் நகரக் கல்லூரியின் ஆறாம் வகுப்பிற்கும் இடையே பல மைல் மலைப்பாதை கிடந்தது.

இத்தடைகளை மீறி மேலெழுந்தாருள் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்து, அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் பயின்று, தொழிலாளர் வாழ்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்த மக்களைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது.

உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு ஏற்றபோது மிஷனாரின் நெடிய ஆட்சி முடிவுற்றது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிருவாகத்திடமே கிடந்தன. தோட்டங்கள் 1972 முதல் 1975 வரை அரசுடைமையான பின்னரும் காலந்தாழ்த்தியே, 1977 தொடங்கிப் பெருமளவில், அவை அரசின் கல்விமுறையிற் சேர்ந்தன. சுவீடன் நாட்டு உதவியுடன் 1980களிற் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. ஐந்தாம் வகுப்போடு நின்றவை படிப்படியாக மேல்வகுப்புகளைத் தொடங்கின. ஹைலண்ட்ஸ் கல்லூரி இன்று அரசினர் பாடசாலையாகத் தமிழ்மொழியிற் கற்பிக்கிறது; அதன் வகுப்புகளில் லயத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர்.