பெயர் பெறாத ஆட்டம்

சேர்வராயன் மலைக் கலைகளைப் பற்றி அச்சில் வந்தவற்றை வாசிக்குந்தோறும் என்னை உறுத்துவது ‘மலையாளி’ என்னும் பெயர். மலைவாழ்நரைக் குறிக்கும் இச்சொல்லால் இவர்களைக் கேரளத்தார் என மயங்கியோர் உண்டு. இவர்கள் பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்கள் வழக்கு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல் இவ்வழக்கைப் பதிவு செய்கிறது. ஆயின், மனிதரின் மூக்கை அளந்து இனம் பிரித்த அக்கண்ணுக்கு ஆடுபவரின் கலை புலப்படாததில் வியப்பில்லை.

வியப்பெல்லாம் நம் காலத்து விழாச் செய்திகளைப் பற்றியதே. ஏற்காட்டுக் கோடை விழாவில் பரதம் ஆடியவருக்குப் பெயரும், குருவின் பெயரும் அச்சேறுகின்றன. அடுத்து ஆடிய மலைமக்களுக்கோ ‘பழங்குடியினர் நடனம்’ என்ற படவிளக்கமே மிஞ்சுகிறது; நான் சேர்த்துவைத்துள்ள நறுக்குகளில் பெரும்பாலானவை இவ்வாறே. சேர்வராயன் குகைக்கோயிலின் மே மாதத் திருவிழாவும் சுற்றுலாச் செய்தியாகவே வருகிறது.

பிறரைச் சொல்வானேன்? கிளியூரில் நம் வட்டம் கூடியபோது நான் எழுதிய குறிப்பிலும் ‘மலைவாழ் கலைஞர் குழு’ என்றே உள்ளது. அன்று மேளம் வாசித்த முதியவர் என்னிடம் தம் பெயரைச் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.