குளிர் காயப் போனவர்கள்

1596, டிசம்பர் 7. ஆர்க்டிக் கடலில் நோவாயா ஸெம்ல்யா என்றொரு தீவு. சூரியன் தலைமறைவாகி ஒரு மாதம் ஓடிவிட்டது. ஒரு மரக்குடிசைக்குள் டச்சு மாலுமிகள் 16 பேர் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யார் இவர்கள்? ஐரோப்பாவுக்கு வடக்கே சுற்றிக்கொண்டு போய்ச் சீனாவைப் பிடித்துவிட முடியுமா என்று பார்க்கக் கிளம்பியவர்கள். மிளகும் பட்டும் மலிவாக வாங்குகிற ஆசை. வழிகாட்டி, வில்லெம் பேரன்ட்ஸ். ஆசைக்கு நடுவே ஐஸ் வந்துவிட்டது. கப்பலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் கரையொதுங்கிய மரங்களையும் கப்பல் பலகைகளையும் வைத்துக் குடிசை கட்டிக்கொண்டார்கள். 17 பேராக வந்தவர்களில் தச்சர் மட்டும் குடிசை முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விறகு எரித்தார்கள். பத்தவில்லை. அன்றைக்குக் கப்பலில் இருந்த நிலக்கரியைக் கொண்டுவந்து மூட்டினார்கள். ஆஹா, என்ன சூடு! இந்தச் சுகம் வெளியே போய்விடக் கூடாதே என்று கதவை அடைத்தார்கள். புகைபோக்கியையும் அடைத்தார்கள். படுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தலை சுற்ற ஆரம்பித்தது. முதலில், ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் கிடந்த ஒருவருக்கு. பிறகு எல்லோருக்கும். யாரோ ஒருவர் தட்டுத்தடுமாறி எழுந்து கதவைத் திறந்தார். திறந்தவர் மயங்கிப் பனியில் விழுந்தார். கெரிட் டெ வேர் என்பவர் ஓடிப்போய் அவர் முகத்தில் வினிகரைத் தெளித்து எழுப்பினார். இதையெல்லாம் எழுதி வைத்தவரும் அவரேதான். அந்தக் கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால், எழுதவும் ஆளில்லை.

காரணம், கார்பன் மோனாக்ஸைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. எரிவதற்குப் போதுமான காற்று இல்லாதபோது நெருப்பு இதைக் கக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய நாற்காலியில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது.

குளிர்க் கடல்களில் படகு ஓட்டியவர்களுக்கெல்லாம் இதே தலைவலிதான். குளிரை அடைத்தால் காற்றும் அடைபடும். காற்றை விட்டால் குளிரும் வரும். சரி, சின்னதாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளேயே ஏற்றிவைக்கலாமா? ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் கேபினுக்குள்ளேயே தங்கும். படுக்கை நனையும், சுவர் பூசணம் பிடிக்கும். விஷவாயு பயம் வேறு.

இதற்கு விடை சொன்ன இரண்டு கம்பெனிகளின் பூர்வீகமும் ஒரே ஊர் என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிற எஸ்லிங்கன். அங்கே 1865-ல் யாகோப் எபர்ஸ்பெஹர் ஒரு தகரப் பட்டறை போட்டார். அதே ஊரில் 1901-ல் வில்ஹெல்ம் பேயர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1908-ல் மியூனிக் பக்கம் ஸ்டோக்டார்ஃபுக்கு ஜாகை மாறினார். தன் பெயரிலும் ஊர்ப்பெயரிலும் எழுத்துகளைப் பொறுக்கி 'வெபாஸ்டோ' என்று வைத்துக்கொண்டார். இரண்டு கம்பெனிகளும் பின்னாளில் வண்டிகளுக்கு ஹீட்டர் செய்ய இறங்கின. லாரி டிரைவர் ராத்திரி இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்க உதவிய அந்த டீசல் ஹீட்டர், படகுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

சூட்சுமம் ரொம்ப எளிது. நெருப்பு ஒரு மூடிய உலோக அறைக்குள் எரியும். அதற்கான காற்று ஒரு குழாய் வழியாக வரும். புகை இன்னொரு குழாய் வழியாகப் படகுக்கு வெளியே போகும். கேபின் காற்று அந்த அறையின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகித் திரும்பும், அவ்வளவுதான். நெருப்பின் மூச்சு வேறு, மனிதனின் மூச்சு வேறு. 1596-ல் அந்த 16 பேருக்குக் கிடைக்காதது இந்தத் தடுப்புச் சுவர்தான்.

டென்மார்க்கின் ரெஃப்லெக்ஸ் மாதிரி இன்னொரு ஜாதியும் உண்டு. டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும், புகைபோக்கி உண்டு. ஃபேன் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வருடம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பவர்களுக்கும் மீனவர்களுக்கும் பிடித்த சாமான். ஆனால் எரியக் கேபின் காற்றைத்தான் எடுக்கும். அதனால் காற்று வர வழி விட்டே ஆகவேண்டும்.

வாங்கும்போது பலரும் சறுக்குகிற இடம், சைஸ். இரண்டு கிலோவாட் போதும் என்கிற படகுக்கு, எதற்கும் இருக்கட்டுமே என்று ஐந்து கிலோவாட் மாட்டுவார்கள். கேபின் ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடும். பிறகு ராத்திரி பூராவும் சிம்மில் ஓடும். சிம்மில் ஓடினால் டீசல் முழுசாக எரியாது, உள்ளே கரி படியும். கரி படிந்தால் ஹீட்டர் புகையும், ஒருநாள் பற்றவே மறுக்கும். அளவாக வாங்கினால் செலவும் குறைவு. இரண்டு கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர்தான் குடிக்கும்.

பராமரிப்பும் பெரிய வித்தையில்லை. அவ்வப்போது கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் கரியை எரித்துவிட வேண்டும். கோடையிலும் மாதம் ஒருமுறை. டேங்கில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஃப் செய்ததும் ஃபேன் சில நிமிடம் ஓடி உள்சூட்டைத் தணிக்கும். அவசரப்பட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் உள்ளே கருகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், புகைக்குழாய். இணைப்பு தளர்ந்திருக்கிறதா, துருவில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று சீசனுக்கு ஒருமுறையாவது கையில் டார்ச்சோடு குனிந்து பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்த குழாய், அந்தத் தடுப்புச் சுவரிலேயே விழுந்த ஓட்டை.

பழைய கதைதானே என்று தோன்றலாம். 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் எஷ்கோல் என்கிற மீன்பிடிப் படகு கட்டியிருந்தது. குளிருக்காகக் கேஸ் அடுப்பின் கிரில்லைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கினார்கள் இரண்டு இளைஞர்கள். எழுந்திருக்கவே இல்லை. படகில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லை. சில பவுண்டு விலை பெறுகிற சின்னப் பெட்டி அது. பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும், தங்குமிடம் உள்ள படகுகளுக்கு அந்த அலாரம் கட்டாயம் என்று படகுப் பாதுகாப்புத் திட்டத்தில் விதி சேர்ந்தது 2019 ஏப்ரலில்.

பேரன்ட்ஸ் குழுவில் 12 பேர் 1597 நவம்பர் 1 அன்று ஆம்ஸ்டர்டாம் திரும்பினார்கள். பேரன்ட்ஸ் அவர்களில் இல்லை, வழியிலேயே இறந்துவிட்டார். அந்த டிசம்பர் ராத்திரியில் மொத்தப் பேரையும் காப்பாற்றியது, ஒருவர் தூங்காமல் எழுந்து போய்க் கதவைத் திறந்ததுதான். அந்த வேலையைச் செய்ய இன்றைக்கு ஒரு அலாரம் இருக்கிறது. ஹீட்டர் வாங்குகிற அன்றைக்கே அதையும் வாங்கிவிட வேண்டும்.