வளிமண்டல அகச்சிவப்பு உமிழ்வு நிறமாலையியல்

வளிமண்டல அகச்சிவப்பு உமிழ்வு நிறமாலையியல் என்பது, காற்றிலுள்ள வளிமங்கள் தம் வெப்பத்தால் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களை அலைநீளவாரியாகப் பிரித்து அளந்து, அவ்வளிமங்களின் அளவையும் வெப்பநிலையையும் கணிக்கும் முறையாகும். இதற்குக் கதிரவன் ஒளி தேவையில்லை, இரவிலும் அளக்கலாம்.

கோட்பாடு

ஒரு வளிமம் எந்த அலைநீளத்தை உட்கவர்கிறதோ, அதே அலைநீளத்தில் உமிழவும் செய்யும் (கிர்க்காஃப் விதி). கார்பன் டை ஆக்சைடின் முதன்மைப் பட்டை 15 மைக்ரோமீட்டரிலும், ஓசோனுடையது 9.6 இலும், மீத்தேனுடையது 7.7 இலும், நீராவியுடையது 6.3 இலும் அமைந்துள்ளன. காற்றின் பெரும்பகுதியான நைட்ரசனும் ஆக்சிசனும் இங்கு ஏறக்குறைய புலப்படுவதேயில்லை.

விண்ணிலிருந்து நோக்கும்போது வளிமத்தின் அளவு மட்டும் போதாது. அதற்கும் பின்னுள்ள தரைக்கும் வெப்பநிலை வேறுபாடும் வேண்டும். காரைக்குடியை எடுத்துக்கொள்வோம். மே மாத நண்பகலில் செட்டிநாட்டுச் செம்மண் தரை காற்றைவிட மிகச் சூடாக இருக்கும். அப்போது வளிமப் பட்டைகள் தரைக்கதிரில் பள்ளங்களாகத் தெரியும். தெளிந்த இரவின் பின் விடியற்காலையில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று வெதுவெதுப்பாக இருந்தால், தாழ்வான காற்றிலுள்ள வளிமம் மேடாகத் தெரியும். இரண்டும் சமமானால், வளிமம் இருந்தும் கருவிக்குத் தென்படாது. 1970இல் ஏவப்பட்ட நிம்பஸ்-4 செயற்கைக்கோள் அண்டார்க்டிகாவின் உறைபனி மீது பதிந்த நிறமாலையில் கார்பன் டை ஆக்சைடுப் பட்டை பள்ளமாக அன்றி மேடாகவே காணப்பட்டது.

கார்பன் டை ஆக்சைடு காற்றில் ஏறத்தாழ சீராகக் கலந்துள்ளதால், அதன் பட்டை வெப்பமானி போலப் பயன்படுகிறது. வெப்பநிலை தெரிந்தபின் நீராவி, ஓசோன் அளவுகள் கணிக்கப்படுகின்றன.

இந்தியச் செயற்கைக்கோள்கள்

2013 சூலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டி, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இவ்வகை அளவீட்டைச் செய்தது. அதன் கருவியில் 18 அகச்சிவப்பு அலைவரிசைகளும் 1 கட்புலன் அலைவரிசையும் இருந்தன. இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) ஆகியவையும் இத்தகைய கருவியைக் கொண்டவை. இவை சுழலும் வடிகட்டிகளால் கதிரைப் பிரிப்பதால், நிறமாலைமானி என்பதைவிடக் கதிர்வீச்சுமானி என்பதே பொருத்தம். ஒப்பிட, 2002இல் ஏவப்பட்ட அக்குவாவின் ஏர்ஸ் கருவிக்கு 2,378 அலைவரிசைகள். மீத்தேன் போன்ற நுண்ணளவு வளிமங்களுக்கு அத்தகைய நுண்பிரிப்பு வேண்டும்.

குறைபாடு

அகச்சிவப்புக் கதிர் அடர்ந்த மேகத்தை ஊடுருவாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், 2018 நவம்பரில் வந்த கஜா போன்ற புயல்களின்போதும், ஈரப்பத விவரம் மிகத் தேவைப்படும் இடத்திலேயே மேகத்தின் மேற்பரப்பு மட்டுமே கருவிக்குத் தெரியும். அங்கு மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவிகளையே நம்ப வேண்டியுள்ளது. 2011இல் ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சு மேகா-ட்ரோபிக்ஸ் செயற்கைக்கோளில் ஈரப்பதத்திற்கென அத்தகைய கருவி இருந்தது.