பெஷ் மெர்ல் குதிரைகள்: மரபணுச் சான்றின் எல்லை

தென்மேற்குப் பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில், பின்னுடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எதிரெதிர்த் திசை நோக்கி நிற்கும் இரு புள்ளிக் குதிரைகளைப் பற்றிய விவாதம் 2011ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டதாகவே ஒரு தரப்பு எழுதிவருகிறது. அவ்வாண்டு வெளியான தொல்மரபணு ஆய்வு, மனிதர் பழக்குவதற்கு முன் வாழ்ந்த 31 குதிரைகளில் 18 செம்பழுப்பு, 7 கறுப்பு, 6 சிறுத்தைப்புள்ளி மரபு உடையவை எனக் காட்டியது. அந்த ஆறில் நான்கு, பனியூழிக் கால மேற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவை. ஆகவே ஓவியர் கண்டதையே வரைந்தார் என்பது அத்தரப்பின் முடிபு. சான்றில் எனக்கு ஐயமில்லை. அதிலிருந்து பெறப்பட்ட முடிபையே மறுக்கிறேன்.

புள்ளிகளைப் பொறுத்தவரை அவ்வாய்வு சோதித்தது 'எல்பி' எனப்படும் மரபுக்கூற்றை மட்டுமே. அது டி.ஆர்.பி.எம்.1 மரபணுவைச் சார்ந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் மாலைக்கண் நோயையும் தரும். ஆனால் எல்பி இருப்பதாலேயே ஒரு குதிரையின் உடல் முழுதும் வெளுத்துப் புள்ளி பூத்துவிடாது. இடுப்பில் சிறிது வெண்மை, மூக்கைச் சுற்றித் தோலில் திட்டுகள், குளம்பில் கோடுகள் என்ற அளவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. வெண்மையை உடலெங்கும் பரப்புவது 'பேட்டன்1' என்னும் வேறொரு கூறு. அது அடையாளம் காணப்பட்டதே 2016இல்தான். ஆகவே 2011இன் ஆறு குதிரைகளும் புள்ளி மரபைச் சுமந்தன என்பதே நிறுவப்பட்டது. அவை கண்ணுக்கு எப்படித் தோன்றின என்பது நிறுவப்படவில்லை.

இனிச் சுவரையே பார்க்கலாம். எதிர்த்தரப்புக்கு ஆதரவான கூறு ஒன்று அதில் உண்டு. குதிரைகளின் தலையும் கழுத்தும் கறுப்பால் நிரப்பப்பட்டுள்ளன. எல்பி தரும் வெண்மை பின்னுடலில் தொடங்கி முன்னோக்கிப் பரவுவது என்பதால், தலையும் கழுத்தும் கறுத்தே இருப்பது இயற்கைக்கு ஒத்ததுதான். ஆனால் புள்ளிகள் உடற்கோட்டுக்குள் அடங்கவில்லை. முதுகுக்கு மேலும் வயிற்றுக்குக் கீழும் வெற்றுப் பாறையில், அதே அளவில், அதே கையால் இடப்பட்டவைபோலத் தொடர்கின்றன. கரும்புள்ளிகளுக்கிடையே செம்புள்ளிகளும் உள்ளன. சுற்றிலும் கைப்பதிவுகள். தோலின் நிறத்தைப் பதிவு செய்ய முனைந்தவர் தோல் இல்லாத இடத்தில் ஏன் புள்ளியிட வேண்டும்?

கை தவறி எல்லை தாண்டியவை என்ற விளக்கம் நிற்காது. இவ்வோவியத்தைத் தாமே வரைந்து பார்த்த மிஷேல் லோர்பிளான்ஷே, நிறக்குழம்பை வாயில் கொண்டு, தோல் துண்டொன்றின் துளைவழியே ஊதிப் புள்ளிகளை இட்டார். முறை அதுவென்றால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே இடம் பார்த்து வைக்கப்பட்டது. தவறுதலாகச் சிதறியதாக இருக்க முடியாது.

பிரான்சின் மார்சுலா குகையில் காட்டெருமை ஒன்றின் உடல் செம்புள்ளிகளாலேயே ஆக்கப்பட்டுள்ளது. அதைக் கொண்டு புள்ளிக் காட்டெருமை வாழ்ந்தது என எவரும் வாதிடவில்லை. குதிரைக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்? மரபணுச் சான்று கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. அச்சான்றோ ஓவியத்தின் நோக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

புள்ளிக் குதிரையை ஓவியர் அறிந்திருக்கவே மாட்டார் என்பது என் வாதமன்று. அத்தகைய ஒன்றைப் பார்த்ததே புள்ளிகளுக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம். எனினும் கோட்டுக்கு உள்ளும் வெளியும் உள்ள புள்ளிகளை ஒரே தொகுதியாகப் படிக்காத எந்த விளக்கமும் பாதிச் சுவரையே படிக்கிறது. வலப்புறக் குதிரையின் கரி, கதிரியக்கக் கரிமக் கணக்கில் ஏறத்தாழ 24,600 ஆண்டுப் பழமையுடையது. அவ்வளவு தொன்மையான சுவரை, 2011இன் முடிவை மட்டும் துணைகொண்டு, பனியூழிக் குதிரைகளின் நிறத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும்.