மறுபிணையம்

ரீஸ்டேக்கிங் என்று வழங்கும் மறுபிணையம், ஒரு பிளாக்செயினின் பாதுகாப்புக்காக ஏற்கெனவே கட்டிவைத்த கிரிப்டோ நாணயத்தையே வேறு சேவைகளுக்கும் பிணையாக நிறுத்தும் முறை. எத்தீரியம் என்ற பிளாக்செயினின் மேல் இதை முதலில் பெரிய அளவில் நடத்திக்காட்டியது ஐகன்லேயர் என்ற திட்டம். அதை நிறுவிய ஸ்ரீராம் கண்ணன், மாணவப் பருவத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் குழுவில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று பிணைய முறைக்கு மாறியது. தொகுதிகளைச் சரிபார்ப்பவர் அதன் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32 கட்டவேண்டும். ஒழுங்காக வேலை செய்தால் கூலி. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தொகுதிகளில் கையொப்பமிட்டால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும். இந்தத் தண்டத்துக்கு ஸ்லாஷிங் என்று பெயர். தரவுக் கிடங்கு, வெளியுலகத் தகவலைச் செயினுக்குக் கொண்டுவரும் ஆரக்கிள், இரு செயின்களுக்கு நடுவே பாலம் என்று புதிதாக வரும் சேவைக்கு இப்படியொரு காவலைத் தானே திரட்டுவது கடினம். அதன் சொந்த நாணயம் மலிவானதென்றால், அதைத் தாக்கவும் மலிவாகவே முடியும். அதனால் அந்தச் சேவை எத்தீரியத்தின் பிணையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது.

தென்காசி வட்டாரத்துக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலைப் பாளையங்கள் இருந்த பழைய திருநெல்வேலிச் சீமையில் ஊருக்குத் தலக்காவலும், பல ஊர்களுக்கும் வழித்தடங்களுக்கும் சேர்த்துத் தேசக்காவலும் இருந்தன. குடிகள் காவல்கூலி கொடுத்தார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். ஊருக்கொரு படை தேவைப்படவில்லை. ஆனால் ஈடு காவல்காரர் கையிலேயே இருந்தது. கூலி தராத ஊரில் காவலே களவாகிறது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். மறுபிணையத்தில் ஈட்டுத்தொகை முன்கூட்டியே நிரல் ஒப்பந்தத்தில் பூட்டப்படுகிறது. இதன் உண்மையான புதுமை இதுதான்.

அந்தப் பூட்டு முழுமையாக வரத் தாமதமானது. ஐகன்லேயர் 2023 ஜூனில் பிணை வாங்கத் தொடங்கியது; முதல் சேவையான ஐகன்டிஏ 2024 ஏப்ரலில் இயங்கியது; ஸ்லாஷிங் நடைமுறைக்கு வந்ததோ 2025 ஏப்ரல் 17 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் கோடிக்கணக்கான டாலர் உள்ளே வந்தும், தண்டமில்லாத பிணை வெறும் வாக்குறுதியாகவே இருந்தது.

ஒரே பணம் பல வாசல்களைக் காக்கும்போது, ஒரு வாசலில் நேரும் பிழை மற்றவற்றையும் பலவீனமாக்கும். எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புடெரின் 2023 மே மாதம் எழுதிய கட்டுரையில், மறுபிணையாளர் தம் பணத்தை இழப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் அவர்களை மீட்க எத்தீரியத்தின் பொது ஒப்புதலையே வளைக்கக் கூடாது என்று எச்சரித்தார். பிணைக்கு ஈடாக வெளியிடப்படும் நாணயங்களில் வேறோர் ஆபத்து உண்டு. 2024 ஏப்ரலில் ரென்சோ என்ற மறுபிணையச் சேவை வெளியிட்ட ஈசட்ஈத் நாணயத்தின் விலை சட்டென்று சரிந்தபோது, அதை அடகுவைத்துக் கடன் வாங்கியிருந்தவர்களின் ஈடுகள் விற்கப்பட்டன.

இதில் இறங்கும் இந்தியர் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 முதல் 30 விழுக்காடு வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது.