தயிர் யாருடைய உணவு?

லோத்குண்டாவில் இன்று 'கிரேக்கத் தயிர்' புரத உணவாக விலைபோகிறது. நீரை வடித்த தயிர்தான் அது. 100 கிராமில் 3–4 கிராம் இருக்கும் புரதம் வடித்தபின் ஏறத்தாழ இருமடங்காகிறது, பால்சர்க்கரையும் குறைகிறது. மராத்தியர் இதனைச் 'சக்கா' என்பர். ஸ்ரீகண்டம் அதிலிருந்தே பிறக்கிறது.

தயிரைப் புலால் உண்ணாதோரின் அடையாளமாகவே காண்பது எனக்கு உடன்பாடன்று. குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் காட்டும் இளம்மனைவி, கணவனுக்காகக் கட்டித்தயிர் பிசைந்து புளிக்குழம்பு சமைக்கிறாள். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் மோர் விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்குப் பொன் கொள்ளாமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். ஊன்சோற்று விருந்தும் அதே நூலில்தான் உண்டு.

தமிழர் பாலுக்கு 'உறை' ஊற்றுகிறோம். இங்குள்ள தெலுங்கு வீடுகளிலோ அது 'தோடு', அதாவது துணை.