பழவேற்காட்டுக் கரைக்கான பழமரத் தேர்வு

தமிழ்நாடு, ஆந்திர எல்லையில் உள்ள பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களில் மண் பெரும்பாலும் மணல்; கோடையில் உப்பு ஏறும், வடகிழக்குப் பருவத்தில் தாழ்விடங்களில் நீர் தேங்கும். இங்கே பழமரம் நடுபவர் சுவையைவிட முதலில் தாங்கும் திறனைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு எளிதில் பொருந்துவது சப்போட்டா. நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த மரமானாலும் ஓரளவு உப்பைத் தாங்கும். அதன் வலிமையில் பெரும்பங்கு வேர்ச்செடியுடையது. நாற்றங்கால்களில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுவது அதன் உறவான பாலையின் மீது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலான ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் உலர் பசுமைக் காட்டில் இயல்பாக வளரும் மரம் அது. யாழ்ப்பாணத்தார் விரும்பித் தின்னும் பாலைப்பழமும் இதனுடையதே. பாலைக்கன்று மெதுவாக வளர்வதால் ஒட்டுக்கன்று கிடைக்கக் காலம் பிடிக்கும். ஆனாலும் விதைக்கன்றை மலிவென்று வாங்குவது வீண். காய்ப்பு தாமதமாகும், பழம் தாய்மரத்தைப் போல அமையாது.

இரகங்களில் கிரிக்கெட் பால் பெரிய பழம் தரும். அதையும் ஓவலையும் கலந்து உருவாக்கியது கோ 1. குத்தி என்ற இரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 குட்டையானது, புயல்காற்று அடிக்கும் கரைக்கு அதுவே பொருத்தம். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதன் கீழ் துளிர்க்கும் பாலைக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும்.

சப்போட்டாவும் தாங்காத வறண்ட, உவர்ப்பான மேட்டுக்கு இலந்தை உண்டு: உம்ரான், பனாரசி முதலிய இரகங்கள். ஆண்டுதோறும் கவாத்து செய்யாவிட்டால் காய் சிறுக்கும்.